அக்காவின் இரண்டு அறைகளும் இருபத்துநான்கு பிளகின்களும்

ரஷ்யாக்காரன் ஒருவன் அக்காவின் வெப்சைட்டைக் கைப்பற்றிவிட்டான் என்றுதான் முதலில் நம்பினேன். சும்மா நம்பவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் நம்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். அதில் ஒருவர் வாயில் கைவைத்து “அப்படியா!” என்றதும் என் நம்பிக்கை இன்னும் இறுகிவிட்டது.

உலகத்தில் வங்கிகள் இருக்கின்றன, விமான நிலையங்கள் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு, தெஹியோவிட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, த்ரீவீல் பிடித்து, ரப்பர் மலைக்கு நடுவே முதுகெலும்பு கழலக் கழல ஏறி வரவேண்டிய ஒரு வீட்டின் இரண்டு வாடகை அறைகளை ஒருவன் எதற்காகக் கைப்பற்ற வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. பயந்துபோனவனுக்குத் தன்னைவிடப் பெரிய ஆள் உலகத்தில் யாரும் இல்லை.

என்னிடம் சாட்சியும் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒரு ரஷ்யாக்காரர் வந்து மூன்று நாள் தங்கினார். மூன்று நாளும் வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். போகும்போது, குளிக்கும் தண்ணீர் ரொம்பக் குளிர் என்றார். நான் “நேச்சுரல், நேச்சுரல்” என்று மலையைக் காட்டினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது என்று பிறகு தோன்றியது. பிறகு என்றால் எனக்கு எதுவும் தோன்றும்.

அந்த இரண்டு அறைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்கா குவைத்தில் பதினொரு வருஷம் வீட்டு வேலை செய்தாள். அதற்கு முன்னால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்தவள் பிறகு குவைத்துப் பிள்ளைகளைப் பார்த்தாள். திரும்பி வந்து, தோட்ட எல்லைக்கு வெளியே ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டி, மேல்மாடியில் இரண்டு அறைகள் போட்டாள். ஆற்றில் படகு ஓட்ட வருகிறவர்கள் இரவு தங்கிப் போவார்கள். மூன்று தலைமுறையாக இந்த மலையில் நாங்கள் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறோம். இப்போது கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வந்து, அதே ரப்பரில் செய்த படகில் ஏறி, ஆற்றில் விழுந்து, அலறி, சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போகிறது. அலறி முடித்தவர்களுக்கு அக்கா சோறு ஆக்கிப் போடுவாள்.

வெப்சைட்டைச் செய்து கொடுத்தது பக்கத்து வீட்டுச் சிங்கள டீச்சர். சிங்களப் பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பிக்கிறவர். காணியும் அவர்கள் குடும்பத்திடம் வாங்கியதுதான். வீடு குடிபுகுந்த அன்றைக்குப் பரிசாகச் செய்து தந்தார். அதற்குப் பிறகு அதைப் பராமரிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே குனிந்து தலையைக் கொடுத்தேன். தோட்டத்து ஆபீசில் ஆட்களின் பேர்ச்சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோல் கொப்பியைக் கம்பியூட்டரில் ஏற்றிய முதல் கிளாக்கர் நான். அந்தப் பெருமையை வைத்து இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். கம்பியூட்டர் எத்தனையோ தடவை மாறிவிட்டது. பெருமை மட்டும் அதே மாடல்.

அந்த மாதம் மூன்று வாரமாக ஒரு புக்கிங்கும் வரவில்லை. மழைதான் காரணம் என்றேன். மழை விட்டது. பள்ளிக்கூட விடுமுறை முடிந்ததுதான் காரணம் என்றேன். ஒரு திங்கட்கிழமை காலையில், தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா சொன்னாள்:

“ஏஜென்சியில இருந்து கோல் வந்துச்சுடா.”

“என்னவாம்?”

“குவைத்துல பழைய வீட்டுக்காரங்க திரும்ப கேக்குறாங்களாம். வெள்ளிக்கெழமைக்குள்ள பாஸ்போட்ட கொண்டாந்து குடுன்னு சொல்றாரு.”

“நீ என்ன சொன்ன?”

“பாக்குறேன்னு சொன்னேன். மேல ரூம்ல யாராச்சும் வந்தா நா ஏன் போறேன்? யாரும் வராட்டி இங்க இருந்து யாரோட மூஞ்சிய பாக்குறது, ஒன் மூஞ்சியவா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பாஸ்போர்ட் அலுமாரியிலிருந்து வெளியே வந்து, முருகன் படத்துக்குக் கீழே மேசைமேல் இருந்தது. எனக்குத் தேத்தண்ணீர் நாக்கைச் சுட்டது. அக்கா போன பதினொரு வருஷத்தில் அவளுடைய மகள் என் வீட்டில் வளர்ந்து, பெரியவளாகி, கலியாணம் முடித்துப் போனாள். மூன்றுக்கும் அக்கா போனில்தான் வந்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

அன்றைக்கே இன்னொரு கோல். கொழும்பிலிருந்து ஒரு பெண் பேசினார். மூன்று தடவை புக் பண்ணப் பார்த்தாராம். பெயர், தேதி எல்லாம் நிரப்பிப் பட்டனை அமத்தினால் பழையபடி முதல் பக்கமே வந்து சிங்களத்தில் ‘ஆயுபோவன்’ என்று வணக்கம் சொல்கிறதாம். வேறு இடம் பார்த்துக்கொண்டோம், சொல்லவேண்டும் என்று தோன்றியது, அதனால் எடுத்தேன் என்றார். நல்ல பெண். போனை வைத்ததும் நான் அறிவித்தேன்: ரஷ்யாக்காரன்!

அக்கா அரிசி களைவதை நிறுத்தவில்லை. “ரஷ்யாக்காரன் எதுக்குடா ஆயுபோவன் சொல்றான்?”

“அதான் அவனுங்க தந்திரம்.”

அடுத்து நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். போதாது என்று தோன்றியதால் மறுபடி மறுபடி மாற்றினேன். நாலாவது பாஸ்வேர்டை மறக்காமல் இருக்க நாட்காட்டித் தாளில் எழுதி வைத்தேன். காலையில் அக்கா வழக்கம்போல நேற்றைய தாளைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தாள். பிறகு ரவுட்டரின் வயரைப் பிடுங்கினேன். வெப்சைட் எங்கள் வீட்டு ரவுட்டருக்குள் குடியிருக்கவில்லை, அது எங்கேயோ ஒரு கம்பனியின் கம்பியூட்டரில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பிடுங்கினேன். நெருப்புப் பிடித்தால் ஓடுகிறவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லையா, அப்படி.

புது பாஸ்வேர்ட் எடுத்து உள்ளே போனதும் கடைசி அஸ்திரத்தை விட்டேன். ஒரு பாதுகாப்பு பிளகின்.

பிளகின் என்பது வெப்சைட்டில் பிறகு பிறகு ஒட்டவைக்கிற சின்னச் சின்ன வேலைக்காரர்கள். புக்கிங் படிவத்தைக் கவனிக்க ஒருவர், படங்களைக் காட்ட ஒருவர், இப்படி. அக்காவின் வெப்சைட்டில் அப்போதே இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். ஏன் அத்தனை என்று கேட்டால், எங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்கவேண்டும். முருகன் படத்துக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. அது சித்தி தந்தது. மாதாவுக்கு அடுத்து புத்தர். அது டீச்சரின் அம்மா தந்தது. பிறகு மூன்று கடைகளின் நாட்காட்டி. ஒன்றையும் கழற்ற முடியாது. கொடுத்தவர் எந்த நேரத்தில் வந்து நின்றாலும், கொடுத்தது சுவரில் இருக்கவேண்டும். வெப்சைட்டும் அப்படித்தான். கொழும்பில் வேலைசெய்யும் ஒரு சொந்தக்காரன் வந்து, விருந்தாளிகளோடு பேசும் பெட்டி ஒன்றைப் போட்டான். தங்க வந்த ஒருவர் அன்புக்காகக் காலநிலை காட்டுகிற ஒன்றைப் போட்டார். கிறிஸ்மஸுக்கு யாரோ போட்ட பனி, சித்திரை பிறந்த பிறகும் ரப்பர் மலைப் படத்தின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. எடுத்தால் போட்டவர் என்ன நினைப்பார்?

பாதுகாப்பு பிளகின் இருபத்துநான்காவது ஆள். எந்த நாட்டை நிறுத்தவேண்டும் என்று மரியாதையாகக் கேட்டது. நான் ஒரு நாட்டைத் தெரிவுசெய்து, கீழே இருந்த எதையோ அமத்தினேன். வாசிக்கவில்லை. வாசிக்கிற நிலையிலா இருந்தேன்? மத்தியானம் அக்கா தன் போனில் வெப்சைட்டைத் திறந்தாள்.

“தம்பி, எனக்கு அனுமதி இல்லையாம்.”

பிறகுதான் விளங்கியது. அந்த ஒரு நாட்டை மட்டும் உள்ளே விட்டு, மிச்ச உலகத்தை வெளியே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இலங்கையும் மிச்ச உலகத்தில் சேர்த்தி. நானும் வெளியே. அந்த நேரம் பூமியில் அக்காவின் அறையைப் பார்க்க முடிந்தவர்கள் ரஷ்யாவில் இருந்தவர்கள் மட்டும்தான்.

வெப்சைட்டை வைத்திருக்கும் கம்பனிக்கு இங்கிலீஷில் எழுதினேன். ‘மிக அவசரம்’ என்பதை நாலு விதமாக எழுதினேன். யாரோ ஒருவர், அவருக்கு எத்தனையாவது பைத்தியமோ நான், இரண்டு நிமிஷத்தில் அந்தப் பாதுகாவலனைத் தூக்கி வெளியே வைத்தார். ஹேக்கர் யாரும் வந்த அடையாளமே இல்லை என்றார். படிவம் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் பிளகின்கள் ஒன்றோடொன்று மோதுவதுதான் காரணம், தயவுசெய்து உங்கள் பிளகின்களைப் பாருங்கள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், ரஷ்யாக்காரனை இழப்பது கஷ்டமாக இருந்தது. ஒரு வல்லரசோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தவனிடம், இல்லை ஐயா, உன் வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள் என்றால் எப்படி இருக்கும்?

“இருபத்துமூனுல எதுன்னு பாக்குறது?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அது செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “சண்ட போடுதுன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“பிள்ளைக்காம்பராவுல முப்பது பிள்ள. ஒன்னு கடிச்சா முப்பதும் அழும். யாரு கடிச்சதுன்னு கேட்டா, ஒன்னு இன்னொன்ன காட்டும், அது மத்தத காட்டும். நா கேக்கவே மாட்டேன். அம்புட்டையும் வெளிய எறக்கி வாசல்ல உக்கார வச்சிட்டு, ஒன்னொன்னா உள்ள விடுவேன். எது உள்ள போனதும் சத்தம் வருதோ, அது.”

“இது கம்பியூட்டர் அக்கா.”

“கடிக்கிறது கடிக்கிறதுதானே?”

எனக்குக் கோபம் வந்தது. செக்ரோல் கொப்பியைக் கம்பியூட்டரில் ஏற்றியவனுக்குப் பிள்ளைக்காம்பரா ஆயா சொல்லித் தருவதா? இரவெல்லாம் இண்டர்நெட்டில் தேடி, பெரிய பெரிய நிபுணர்கள் எழுதியதை வாசித்தேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எல்லாவற்றையும் நிறுத்து, ஒவ்வொன்றாகத் திற, ஒவ்வொரு தடவையும் பார். கீரை ஒன்றுதான் இல்லை.

புதன்கிழமை காலையில் வராந்தாவில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அக்கா போனோடு படியில் உட்கார்ந்தாள். நான் கையை வைக்கப் போகும்போது தடுத்தாள்.

“வெளிய எறக்க முன்னுக்கு பேரெல்லாம் எழுதிக்க. ஒன்னு காணாம போச்சுன்னா தாய்க்காரிக்கு யாரு பதில் சொல்றது?”

நிபுணர்களும் இதைத்தான் முதலில் சொல்லியிருந்தார்கள். அதைத் தாண்டி வாசித்தவன் நான். ஆகவே வெப்சைட்டை முழுதாக ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதினேன். பிறகு புக்கிங் படிவத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லோரையும் வாசலுக்கு இறக்கினேன்.

ஒருவரை மட்டும் இறக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.

டீச்சர் வெப்சைட்டில் போட்ட மொழி பிளகின், ஒரே பக்கத்தைச் சிங்களம், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் காட்டும். தமிழை யந்திரமே செய்துகொள்ளும். அது செய்த தமிழில், ‘விருந்தாளிகள் காலை பத்து மணிக்குள் காலி செய்யப்படுவார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. அறையைக் காலிசெய்து தரவேண்டும் என்று சொல்லவந்தது, ஆளையே முடித்துவிடுவதாக மிரட்டியது. டீச்சரிடம் எப்படிச் சொல்வது? காசு வாங்காமல் செய்து கொடுத்தவர், பக்கத்து வீடு, காணி தந்த குடும்பம். ஆகவே நான் சொல்லவில்லை. சத்தம் போடாமல், தமிழுக்கென்று இன்னொரு மொழி பிளகினை அதன்மேல் போட்டு, வரிகளை நானே நல்ல தமிழில் எழுதினேன். ‘அன்புடைய விருந்தினரே’ என்று தொடங்கும். எழுதி முடித்து இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு நல்ல தமிழ். அதைப் போய் வாசலில் இறக்குவேனா?

முதலில் காலநிலையை உள்ளே விட்டேன். படிவத்தை நிரப்பி அமத்தினேன். “வந்துருச்சு” என்றேன். படம் காட்டுகிறதை விட்டேன். வந்தது. பேசும் பெட்டி, வரைபடம், பனி எல்லாம் விட்டேன். வந்தது. டீச்சரின் மொழி பிளகினையும் விட்டேன். அப்போதும் எனக்கு வந்தது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், ஒரு சத்தமும் இல்லை.

“பாத்தியா? தானா சரியாயிருச்சு” என்றேன்.

அக்கா போனைத் திருப்பிக் காட்டினாள். ‘ஆயுபோவன்’ என்றது.

அரை மணி நேரம் இருவரும் ஒருவர் கருவியை மற்றவர் சந்தேகித்தோம். கடைசியில் அக்காதான் சொன்னாள்: “நீ வீட்டுக்காரனா உள்ள ஒக்காந்துகிட்டு பாக்குற. நா வெளியாளு.” சரிதான். நான் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே இருந்தேன். வெப்சைட் எனக்கு வேறு முகத்தைக் காட்டியது. தோட்டத்துக்குத் துரை வரும்போது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் கூட்டிப் பெருக்கியிருக்கும், வருகிற துரைக்கு லயம் எப்போதும் சுத்தம். மூன்று வாரமாக நான் தினமும் ஒரு தடவை வெப்சைட்டைத் திறந்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டியது இப்படித்தான்.

மறுபடி எல்லோரையும் இறக்கினோம், அந்த ஒன்றைத் தவிர. இந்தத் தடவை தீர்ப்புச் சொல்வது அக்காவின் போன். நான் ஒருவரை உள்ளே விடுவேன், அக்கா நிரப்பி அமத்துவாள். விருந்தாளி பெயர் கேட்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் எங்கள் அத்தான்மார் பெயராகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

“வந்துருச்சு.”

“வந்துருச்சு.”

“பெரியத்தானுக்கு ரூம் கெடச்சிருச்சு. அடுத்தது விடு.”

டீச்சரின் பிளகினை விட்டேன்.

“போச்சு.”

நிறுத்தினேன். “வந்துருச்சு.” மறுபடி விட்டேன். “போச்சு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பக்கத்து வீட்டில் டீச்சரின் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நாங்களும் கையசைத்தோம். கையசைக்கிற அளவுக்கு எனக்குச் சிங்களம் தாராளமாக வரும். உங்கள் மகள் போட்டதுதான் கடிக்கிறது என்று சொல்வதற்கு எந்த மொழியும் வராது.

“நிறுத்திட்டு விட்டுரேன்” என்றாள் அக்கா.

நிறுத்தினால் சிங்களமும் இங்கிலீஷும் போய்விடும், தமிழ் மட்டும்தான் மிஞ்சும். தமிழில் மட்டும் வரவேற்றால் எங்கள் மாமன் மச்சான்தான் வருவார்கள். அவர்கள் புக் பண்ணிவிட்டு வருகிற சாதி இல்லை.

வியாழக்கிழமை டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்து, ஒரு தட்டு உளுந்து வடையோடு போனோம். வடை அக்காவின் யோசனை. வெறுங்கையோடு போய்க் குறை சொல்லக்கூடாதாம். நான் மழையில் தொடங்கினேன். பாதை உடைந்திருப்பதைப் பேசினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தேன். டீச்சர் ஒரு வடையைத் தின்று முடித்தார்.

“அய்யே, எது ஒடஞ்சு போச்சு?”

டீச்சர் தமிழ் நன்றாகப் பேசுவார், இடையிடையே சிங்களம் தூவி. அய்யே என்றால் அண்ணன், அக்கே என்றால் அக்கா. நான் விழுங்கி விழுங்கிச் சொல்லி முடித்தேன். ஒருவேளை, சில நேரம், தற்செயலாக, உங்களுடைய அந்த மொழி பிளகின், அதன் தவறு என்று இல்லை... டீச்சர் முகம் சிவந்தது. தன் லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்ட் கேட்டு, உள்ளே போனார்.

எல்லாவற்றையும் நிறுத்தினார். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். படிவத்தையும் தன்னுடையதையும் மட்டும் திறந்தார்.

“அக்கே, இப்ப பாருங்க.”

அக்கா நிரப்பினாள், அமத்தினாள். “வந்துருச்சு” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

டீச்சர் பட்டியலில் ஒன்றின்மேல் விரல் வைத்தார். “இது மொகத, என்னது? நான் போட்டது இல்லையே. இதும் மொழி மாத்துறது. யாரு போட்டா?”

டீச்சரின் அம்மா உள்ளே ரேடியோவை நிறுத்தினார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எனக்கு இருந்ததுபோல இருந்தது.

“இத நீ வெளிய எறக்கலையா?” என்றாள் அக்கா.

“அது... நம்ம போட்டதுதானே. அது ஒன்னும் செய்யாது.”

“கடிக்கிற பிள்ளையோட தாய்க்காரி எல்லாம் இதத்தான்டா சொல்லுவா. ஏம் பிள்ள கடிக்காதுன்னு, பல்லுத் தடத்த பாத்துகிட்டே சொல்லுவா.”

நான் ஏன் அதைப் போட்டேன் என்று டீச்சர் கேட்டார். வேறு வழியில்லாமல் அந்தக் காலி செய்கிற வரியைச் சொன்னேன். எப்படி எழுதியிருக்கிறது, தமிழில் அதற்கு என்ன அர்த்தம் வரும் என்று விளக்கினேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கும்போது டீச்சர் நிறுத்திவிட்டார்.

“அனே அய்யே, எத்தன நாளா இப்பிடி இருக்கு?”

“நீங்க செஞ்சு குடுத்ததுல இருந்து.”

“ஒரு வருஷமா? ஏன் எனக்கு சொல்லல?”

“எப்பிடி சொல்றது டீச்சர்...”

“நீங்க சிங்களத்துல பிழையா பேசினா நான் அந்த எடத்துலயே திருத்துவேன். எத்தன தடவ திருத்தியிருக்கேன்! நான் தமிழ்ல பிழையா பேசினா நீங்க யாரும் திருத்துறது இல்ல. நல்லா பேசுறீங்க டீச்சர்னு சொல்லிட்டு போறீங்க. அப்ப நான் எப்பிடி படிக்கிறது?”

வடையை எடுத்தேன். நாங்கள் கொண்டுபோன வடையை நானே தின்பது சரியில்லை என்று தோன்றி, திரும்ப வைத்தேன். டீச்சரின் அம்மா வந்து, அதே வடையை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் பிளகினில் தமிழ் வரிகளைத் திருத்துகிற இடத்தைக் காட்டினார். அப்படி ஒரு இடம் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், அவர் தட்டினார். ‘அன்புடைய விருந்தினரே’ வேண்டாம், கலியாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார். அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அக்காவும் “ஆமா” என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, நான் அந்த இரண்டாவது மொழி பிளகினைப் போட்டேன். கடைசி புக்கிங் அன்று காலையில் வந்திருக்கிறது. விருந்தாளி படிவத்தை அமத்தியதும், இரண்டு பிளகினும் அவரைத் தத்தம் மொழிப் பக்கத்துக்கு இழுத்தன. படிவம் எங்கேயும் போய்ச் சேராமல், விருந்தாளி முதல் பக்கத்துக்கே திரும்பினார். தனித்தனியாக இரண்டிலும் ஒரு குற்றமும் இல்லை. வியாழக்கிழமை பின்னேரம் டீச்சர் வீட்டில் வைத்து என்னுடையதை அழித்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல, கண்டியிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு அறைகளையும் இரண்டு நாளைக்குக் கேட்டு புக் பண்ணியது. அக்கா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஏஜென்சிக்குக் கோல் எடுத்து, வரவில்லை என்று சொன்னாள்.